ஸ்டீயரிங் கனக்கிறது, அலைகிறது, வெடவெடக்கிறது: 1920களின் சொகுசு கார்களில் பழுது தேடும் வழி

நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய ரோல்ஸ்ராய்ஸை ஓட்டியவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள். நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை வலிக்கும். சக்கரம் உருள ஆரம்பித்ததும் அந்தக் கனம் கரைந்துவிடும். 40 மைல் வேகத்தில் இரண்டு டன் வண்டியை இரண்டு விரல்களால் பிடித்துப் போகலாம். சாலை எங்கே வழவழப்பு, எங்கே சொரசொரப்பு என்று கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இது தானாக அமைந்ததல்ல. பவர் ஸ்டீயரிங் இல்லாத காலம் அது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1926-இல் ஒரு பியர்ஸ்-ஆரோ வண்டியில் ஹைட்ராலிக் உதவியைப் பொருத்திக் காட்டினார். ஆனால் விற்பனைக்கு வந்த காரில் அதைப் பார்க்க 1951-இல் கிறைஸ்லர் இம்பீரியல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் ரோல்ஸ்ராய்ஸின் ஹென்றி ராய்ஸும் டார்பி ஆலையில் இருந்த அவருடைய ஆட்களும், டெட்ராய்ட்டில் காடிலாக், பேக்கார்ட் பொறியாளர்களும், பாரிஸில் ஹிஸ்பானோ சுய்சா ஆட்களும் உராய்வையும் கோணத்தையும் நெம்புகோலின் நீளத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு இந்த உணர்வை உருவாக்க வேண்டியிருந்தது. மூன்றில் ஒன்று பிசகினாலும் அந்த உணர்வு போய்விடும்.

அப்படிப் போகும்போது பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது ஸ்டீயரிங் பாக்ஸில், அதாவது ஸ்டீயரிங்கின் சுழற்சியை நெம்புகோல் அசைவாக மாற்றும் பெட்டியில். அதில் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ இருக்கிறது, கைக்கு எட்டுகிறது, முறுக்கினால் ஏதோ மாறுகிறது. நான் பார்த்த கெட்டுப்போன பாக்ஸ்களில் பாதிக்கு மேல் இப்படி முறுக்கிக் கெடுத்தவை. பழுது பெரும்பாலும் சாலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். டயர், கிங்பின் (முன் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு), பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), பட்டை ஸ்பிரிங் என்று கீழிருந்து மேலே வாருங்கள். பாக்ஸைக் கடைசியாகத் தொடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

இரண்டு முன் டயரிலும் காற்றை அளந்து சரிசெய்யுங்கள். ரோல்ஸ்ராய்ஸின் பழைய சில்வர் கோஸ்ட் மாடல் காலத்து ஒல்லி டயர்கள் 60, 70 பவுண்டு காற்றில் ஓடியவை. 1923-இல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கொண்டுவந்த பலூன் டயருக்கு ஏறக்குறைய அதில் பாதி போதும். உங்கள் வண்டிக்கான கையேட்டின் கணக்கும், இப்போது மாட்டியிருக்கும் டயரும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். பழைய கையேட்டுக் கணக்கைப் புது ரக டயருக்குப் போட்டால் அதற்குப் பிறகு செய்யும் எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை.

அடுத்து முன் ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து இரண்டு சக்கரங்களையும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிப் பாருங்கள். பிறகு டிராப் ஆர்மிலிருந்து (பாக்ஸிலிருந்து தொங்கும் நெம்புகோல்) டிராக் லிங்க்கை (அதன் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) கழற்றிவிட்டு மறுபடி திருப்புங்கள். கழற்றிய பிறகும் கனமாக இருந்தால் கோளாறு மேலே: ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங்கிலிருந்து பாக்ஸுக்கு இறங்கும் தண்டும் குழாயும்), அதன் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்), பாக்ஸ். கழற்றியதும் லேசாகிவிட்டால் கோளாறு கீழே. சக்கரத்தைக் கையால் பிடித்து இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் அது உறுதியாகிவிடும். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் எந்தப் பாகத்துக்கும் பணம் செலவழிக்காதீர்கள்.

டிராக் லிங்க் முனையைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் கப்பும் எந்த வரிசையில் வந்தன என்று வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் விழும் அடியைத் தாங்குவதற்காகவே அந்த ஸ்பிரிங் இருக்கிறது. பாலின் (உருண்டை முனையின்) எந்தப் பக்கம் அது உட்கார வேண்டும் என்பது காரணத்தோடு முடிவு செய்யப்பட்ட விஷயம்.

நின்ற இடத்தில் மட்டுமல்ல, ஓடும்போதும் கனக்கிறது

கீழே கனமென்றால் முதல் சந்தேகம் கிங்பின்னின் த்ரஸ்ட் பேரிங். முன்பக்கத்து எடை முழுவதும் இந்தச் சின்ன வளையத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கிரீஸ் அடித்தாயிற்றே என்பார்கள். வண்டி தரையில் நிற்கும்போது அடித்த கிரீஸ், எடை அழுத்தும் முகத்துக்குள் போகாது. சுலபமான வழியில் வெளியே வந்துவிடும். ஆக்ஸிலைத் தூக்கி, சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே அடியுங்கள். ரோல்ஸ்ராய்ஸின் ஃபேன்டம் 2 மாடல் போல ஒரே பெடலை மிதித்தால் சேசிஸ் முழுவதற்கும் எண்ணெய் போகும் பைஜர் அமைப்பு உள்ள வண்டியில், கிங்பின்னுக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். சொட்டு வரவில்லையென்றால் அடைத்திருக்கிறது. பல வருடம் நின்ற வண்டியில் அடைக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

மேலே கனமென்றால் பாக்ஸைத் திறப்பதற்கு முன், டேஷ்போர்டுக்குக் கீழே காலத்தைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டைத் தளர்த்துங்கள். 20/25 என்ற ரோல்ஸ்ராய்ஸ் மாடல் வண்டி ஒன்றில் வேறொரு பட்டறை பாக்ஸை இரண்டு முறை பிரித்துப் பூட்டியிருந்தது, கனம் குறையவில்லை. பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்தியதும் காலம் கால் அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்தது, ஸ்டீயரிங் விரலால் சுழன்றது. பாடியை மாற்றிக் கட்டியபோது பிராக்கெட்டின் இடம் பிசகி, காலத்தை வளைத்துப் பிடித்திருந்திருக்கிறது. பிராக்கெட்டுக்கு அடியில் சரியான கனத்தில் ஒரு ஷிம் (மெல்லிய தகடு) வைத்ததோடு வேலை முடிந்தது.

மூன்றாவது காரணம் பாக்ஸுக்குள் எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் அடைத்திருப்பது. சீல் ஒழுகுகிறது என்று கெட்டி கிரீஸை அமுக்கி வைப்பார்கள். பாக்ஸுக்குள் இருக்கும் வார்ம் (மரை வெட்டிய தண்டு) சுழலும்போது கிரீஸை ஒருமுறை ஒதுக்கித் தள்ளும். ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வராது. வார்ம் வறண்டு தேயும், கை கனக்கும். கழுவிவிட்டு எஸ்.ஏ.இ. 140 போன்ற கெட்டி எண்ணெய் ஊற்றுங்கள். உள்ளே பித்தளை, வெண்கலப் பாகங்கள் இருந்தால் மஞ்சள் உலோகத்துக்கு ஆகாத சேர்மானம் உள்ள கியர் எண்ணெய் வேண்டாம். அதற்கும் ஒழுகினால் சீலை மாற்றுங்கள்.

திருப்பிவிட்டால் நேருக்கு வரவில்லை. நேர் சாலையில் அலைகிறது

இரண்டும் பெரும்பாலும் ஒரே நோய்தான், அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

ராய்ஸ் வெகுகாலம் நம்பியது வார்மும் நட்டும் கொண்ட பாக்ஸை. அதில் மரைச்சாய்வு முக்கியம். சாய்வு குறைவாக இருந்தால் சாலையின் அடி கைக்கு ஏறாது, ஆனால் சக்கரம் தானாக நேருக்கும் திரும்பாது. சாய்வு கூடினால் சக்கரம் சுலபமாகத் திரும்பி வரும், கூடவே ஒவ்வொரு கல்லும் கையில் அடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்திருந்தார்கள். 1930களின் நடுவில் 25/30, ஃபேன்டம் 3 மாடல்களில் மார்லஸ் வகை கேம்-ரோலர் பாக்ஸ் (நட்டுக்குப் பதில் உருளும் உருளை உள்ளது) வந்தபோது உரசலுக்குப் பதில் உருளல் வந்தது. உராய்வு குறைந்தது, திரும்பி வருவது சுலபமானது.

இப்போது பாருங்கள்: நட்டை இறுக்கினாலோ கிங்பின் வறண்டாலோ அந்தப் புள்ளி நகர்ந்துவிடும். சக்கரத்துக்குத் தானாக நேராகும் சக்தி இருக்கும், ஆனால் உராய்வைத் தாண்ட முடியாது. ஓட்டுபவர் ஒவ்வொரு முறையும் கையால் நேராக்குவார், கொஞ்சம் கூடிப்போகும், மறுபடி எதிர்ப்பக்கம் திருத்துவார். வண்டி அலைகிறது என்பார். ‘ஆட்டம் இருக்கிறது’ என்று நினைத்து பாக்ஸை இன்னும் இறுக்குவார். நோய் இன்னும் கூடும். இறுக்கமும் அலையவைக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. டிராக் லிங்க் முனையை அளவுக்கு மேல் முறுக்கினாலும் இதுதான் நடக்கும்: பிளக்கை முட்டும்வரை முறுக்கி, பிறகு பின் துளை சேரும் இடத்துக்குக் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். முட்டிய இடத்திலேயே பின் போட்டுவிடுகிறார்கள்.

உராய்வு சரியாக இருந்தும் அலைந்தால் கோணங்களுக்கு வாருங்கள். காஸ்டர் என்பது கிங்பின்னின் மேல்முனை பின்னால் சாய்ந்திருக்கும் சாய்வு. அதுதான் சக்கரத்தை நேருக்கு இழுப்பது. இந்த வண்டிகளில் அது சில டிகிரிதான். பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு மாதிரியான ஒரு தகட்டை வைத்து அதைச் சரிசெய்திருப்பார்கள். ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டியவர் ஆப்பைத் திருப்பி வைத்திருந்தால் காஸ்டர் பூஜ்யத்துக்கே போய்விடும். ஸ்பிரிங் மேலேயும் ஆக்ஸில் கீழேயும் இருக்கும் வண்டியில் ஆப்பின் தடித்த முனை பின்பக்கம் இருந்தால் காஸ்டர் கூடும். டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கிக் குவிந்திருக்கும் அளவு) பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குலத்தைச் சுற்றித்தான் இருக்கும். டயரில் ஒரு குறி போட்டு, முன்னால் ஹப் (சக்கர மையம்) உயரத்தில் அளந்து, வண்டியைத் தள்ளி அதே குறி பின்னால் வந்ததும் அளந்து பாருங்கள். அப்போதுதான் ரிம் வளைவு கணக்கைக் கெடுக்காது.

ஸ்டீயரிங் சும்மா ஆடுகிறது

ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைச் சின்னச் சின்னதாக இடவலம் ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து, டிராப் ஆர்மிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஜாயின்ட்டின் மேலும் கையை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பாக்ஸ் சேசிஸோடு இறுகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். போல்ட் தளர்ந்து பாக்ஸே நகர்வதை நிறையப் பேர் பார்க்கத் தவறுகிறார்கள்.

கிங்பின்னா, சக்கர பேரிங்கா என்று பிரித்தறிய: தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். 1924-க்கு முந்தைய சில்வர் கோஸ்ட்டில் முன் பிரேக்கே கிடையாது என்பதால், அங்கே ஹப்புக்கும் ஸ்டப் ஆக்ஸிலுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சு) நடுவே விரல் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்து, ஆட்டம் பாக்ஸில்தான் என்று உறுதியானால் மட்டும் ஸ்க்ரூவைத் தொடுங்கள். வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. அதனால் வார்மின் நடுப்பகுதிதான் தேயும். நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால் தேயாத ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். அதனால் இறுக்கிய பிறகு டிராக் லிங்க் இல்லாமல் கோடிக்குக் கோடி திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் எங்கேயாவது கனத்தால் உடனே தளர்த்துங்கள். வார்ம் தேய்ந்துவிட்டது, ஸ்க்ரூவால் அதைச் சரிசெய்ய முடியாது. கேம்-ரோலர் வகையில் நடுவில் இறுக்கமும் ஓரங்களில் கொஞ்சம் தளர்வும் இருக்கும்படியே வெட்டியிருப்பார்கள். அங்கே சக்கரத்தை ஒடித்து வைத்துக்கொண்டு அட்ஜஸ்ட் செய்வது பெரிய தப்பு: நடுவுக்கு வரும்போது உடைக்கிற அளவுக்குப் பிடிக்கும்.

அந்தக் காலப் பாக்ஸ்களில் சிலவற்றில் அரைவட்டப் பல்லுக்குப் பதில் முழுப் பல்சக்கரமே இருக்கும். உங்களுடையது அப்படியென்றால் அதைக் கழற்றி, கால் சுற்று திருப்பி மாட்டுங்கள். தேயாத புதுப் பற்கள் வேலைக்கு வந்துவிடும். அதை வடிவமைத்தவர் இந்த நாளை நினைத்துத்தான் முழுச் சக்கரமாகச் செய்தார்.

ஒரு வேகத்தில் முன்பக்கமே வெடவெடக்கிறது

இதுதான் அந்தத் தலைமுறையையே தூங்கவிடாமல் செய்த கோளாறு. ஷிம்மி என்றார்கள். 1920களின் நடுவில் இரண்டு நல்ல விஷயங்கள் சேர்ந்தபோது அது பிறந்தது: மெத்தென்ற பலூன் டயர், முன் பிரேக். டயர் பக்கவாட்டில் நெகிழ ஆரம்பித்தது. பிரேக் டிரம் ஆக்ஸிலின் இரு முனைகளிலும் எடையைக் கூட்டியது. ஒரே தண்டாக இருக்கும் முன் ஆக்ஸிலில் இடது சக்கரம் மேலே ஏறினால் வலது சக்கரமும் சேர்ந்து சாய்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரம் பம்பரம் மாதிரி. சாய்த்தால் அது சும்மா சாயாது, பக்கவாட்டில் திரும்பும். திரும்பினால் மறுபடி சாயும். இந்தச் சுழற்சி தனக்குத்தானே தீனி போட்டுக்கொண்டு, ஓட்டுபவர் கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கும் அளவுக்கு வளரும்.

1925-இல் பிரான்சில் ஜார்ஜ் புருலியே இதைப் பற்றி எழுதினார்; டயர் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் வேறுவேறு என்ற எண்ணத்தை ஸ்டீயரிங் கணக்குக்குள் கொண்டுவந்தவர் அவர். ராய்ஸிடம் வேலை பார்த்து, பிறகு மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் அமெரிக்க ரோல்ஸ்ராய்ஸ் ஆலையில் இருந்த மாரிஸ் ஆலி, 1930-இல் காடிலாக்குக்குப் போனார். அங்கே அவருடைய குழு ஆக்ஸில் தண்டையே எடுத்துவிட்டது. 1934 காடிலாக்கில் ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கியது. ஒன்றின் சாய்வு மற்றதற்குப் போகும் வழி அடைபட்டது. அடுத்த ஆண்டு அறிமுகமான ஃபேன்டம் 3-உம் அதே வழியில் வந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது: ராய்ஸின் பட்டறையில் படித்தவர் கடல் தாண்டிக் கண்டுபிடித்த தீர்வு, ராய்ஸின் பெயர் தாங்கிய வண்டிக்கே திரும்பி வந்தது.

உங்கள் வண்டியில் ஆக்ஸில் தண்டு இருக்கிறது, அதை எடுக்கப்போவதில்லை. ஆகவே சுழற்சிக்குத் தீனி கிடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வேகத்தில் வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக, 15 முதல் 25 மைலுக்குள், கல்லில் ஏறியதும் ஆரம்பித்தால் ஜாயின்ட் ஆட்டமும் அதிகப்படியான காஸ்டரும்தான் காரணம். அலைகிறது என்று சொன்னதற்காக யாரோ ஆப்பைக் கூட்டி வைத்திருப்பார்கள். அதைக் குறைத்துப் பாருங்கள். கம்பிச் சக்கரமென்றால் தளர்ந்த ஸ்போக்கையும் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

40 மைலுக்கு மேல் வந்தால் சக்கரத்தின் சமநிலை. கம்பிச் சக்கரத்தை அதன் சொந்த ஹப் கோன்களில் உட்கார வைத்துத்தான் பேலன்ஸ் செய்ய வேண்டும். நடுத்துளையைப் பிடிக்கும் சாதாரண மெஷினில் செய்தால் மெஷினில் சரியாகவும் வண்டியில் தப்பாகவும் இருக்கும். அடுத்து ஷாக் அப்சார்பர்: ஹார்ட்ஃபோர்ட் வகை உராய்வுத் தட்டுகளில் எண்ணெய் பட்டிருந்தால் அவை இருந்தும் இல்லாதது போல்தான். அதற்கடுத்து ஸ்பிரிங் ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும், ஆடும் இணைப்பு) புஷ்கள். 1930களின் சில இங்கிலாந்து வண்டிகளில் முன் பம்பரின் முனைகளில் ஸ்பிரிங்கில் தொங்கும் எடைகள் இருக்கும். அது அழகுக்கு அல்ல, முன் சேசிஸின் அதிர்வை விழுங்குவதற்கு. குரோம் பூசக் கழற்றியவர் எடைகளை இறுக்கிப் பூட்டிவிட்டால் வேலை செய்யாது.

இன்னொன்று. கிங்பின்னில் இருக்கும் கொஞ்சம் உராய்வும் இந்த ஆட்டத்தை அடக்குகிறது. வெண்கல புஷ்ஷை எடுத்துவிட்டு ஊசி பேரிங் போட்டால் நின்ற இடத்துக் கனம் குறையும், ஷிம்மி வரலாம். மூல அமைப்பிலேயே விடுங்கள் என்பது என் கருத்து.

பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

லேசாகப் பிடித்தாலும் இழுக்கிறதா? நிறுத்திவிட்டு இரண்டு டிரம்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடு, மற்றது சில்லென்று இருந்தால் அது பிரேக் வேலை. பலமாகப் பிடிக்கும்போது மட்டும் எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். பிரேக் ஆக்ஸிலை முன்னோக்கி முறுக்கும். பட்டைகள் தளர்ந்து, ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ-போல்ட் இறுக்கமில்லாமல் இருந்தால் ஆக்ஸில் நன்றாகவே சுழலும். இருக்கிற காஸ்டர் அந்த நொடியில் காணாமல் போகும். டிராக் லிங்க்கின் மறுமுனை அசையாமல் நிற்பதால் சக்கரத்தோடு சேர்ந்த ஸ்டீயரிங் ஆர்ம் இழுபட்டுச் சக்கரம் திரும்பிவிடும். யூ-போல்ட்டை இறுக்குங்கள். உடைந்த பட்டையை மாற்றுங்கள்.

பள்ளத்தில் விழுந்தால் தானே திரும்புகிறது, அல்லது கையில் அடிக்கிறது

திரும்புவது வளைவுகளின் சண்டை. ஆக்ஸில் ஸ்பிரிங்கின் நிலையான கண்ணை (ஷேக்கிள் இல்லாமல் நேராகச் சேசிஸில் பூட்டிய முனை) மையமாக வைத்து ஒரு வில்லில் நகர்கிறது. டிராக் லிங்க் டிராப் ஆர்ம் பாலை மையமாக வைத்து இன்னொரு வில்லில் நகர்கிறது. நிலையான கண் முன்னாலும் பாக்ஸ் பின்னாலும் இருந்தால் இரண்டு வில்லும் எதிரெதிர். இதனாலேயே சில தயாரிப்பாளர்கள் ஷேக்கிளை முன்னால் மாற்றினார்கள். உங்கள் வண்டியில் இது புதிதாக வந்திருந்தால், ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் வளைத்துக் கட்டி வண்டியின் உயரத்தை மாற்றியிருக்கிறார்களா என்று அளந்து பாருங்கள்.

கையில் அடிப்பது என்றால் டிராக் லிங்க் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது அமுங்க இடமில்லாமல் இறுகியிருக்கும். இந்தச் சோதனைக்காகக் கழற்றும் டிராப் ஆர்ம், ஸ்டீயரிங் ஆர்ம், பால் பின் எல்லாவற்றையும் விரிசல் பார்க்கும் சோதனைக்கு அனுப்புங்கள். 90 வருடம் அடி வாங்கிய இரும்பு அது. வளைந்திருந்தால் சூடு காட்டி நிமிர்த்தவோ, விரிசலை வெல்டு வைக்கவோ ஒருபோதும் கூடாது. புதிதாகச் செய்து போடுங்கள். அது உடைந்தால் வண்டியில் ஸ்டீயரிங்கே இல்லை.

பூட்டும்போது எல்லா நட்டுக்கும் புது ஸ்ப்ளிட் பின். 50 மைல் ஓட்டிவிட்டு வந்து, மறுபடி கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தொட்டுப் பாருங்கள்.